சட்டத்துக்குள் மாட்டிய சிரிப்பு

இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கார்ட்டூன்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது இப்போது காசுள்ளவர்களின் ரசனை. அது மாத்தளை மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. துரைமார் குடியிருந்த பங்களாக்கள் ஹோட்டலான பிறகு, துரைமார் சிரித்த சிரிப்பும் கூடவே வேண்டியிருக்கிறது போலும். எந்த ஹோட்டல் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அது விளம்பரம்; அடுத்த சனிக்கிழமையே கொழும்பிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் செல்பி எடுக்க வந்து இறங்குவார்கள்.

மூலப்படம் ஒன்றுகூட அங்கே கிடையாது. இணையத்திலிருந்து இறக்கி, தடித்த தாளில் அச்சடித்து, சாயத் தண்ணீரில் முக்கியெடுத்ததுபோல் ஒரு பழுப்பு ஏற்றி, கறுப்பு மரச் சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். 'விண்டேஜ்' என்கிறார்கள். குண்டு விழுந்து கூரை போன வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற லண்டன்காரர். தொப்பை பெருத்த சார்ஜன்ட். சுவருக்கு மேலால் நீள மூக்கைத் தொங்கவிட்டு எட்டிப் பார்க்கும் மொட்டைத் தலை. அந்த லண்டன்காரர் குடிக்கிற தேயிலையைப் பறித்தது யார் என்று ஜன்னலைத் திறந்தால் தெரியும். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்கள்.

இந்த வரிசையில் என்னை நிறுத்திவைத்த படம் ஒன்று உண்டு. இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவர்த்தாளில் பூவும் கொடியும் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஹிட்லரின் முகங்கள். சுவருக்கும் காது உண்டு, மறக்காதே என்பது வாசகம். வரைந்தவர் ஃபூகாஸ். 1940இல் பிரிட்டிஷ் தகவல் அமைச்சுக்காக, வாயை அடக்கு, வாய் தவறினால் உயிர் போகும் என்ற தொடரில் எட்டுச் சுவரொட்டிகள் வரைந்தார், கூலி வாங்கவில்லை. இயற்பெயர் சிரில் கென்னத் பேர்ட். 1915இல் கலிப்பொலியில் குண்டுபட்டு முதுகெலும்பு நொறுங்கிய மனிதர். எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாத ஒரு கண்ணிவெடியின் பெயரைத்தான் புனைபெயராக வைத்துக்கொண்டார். அந்த மனிதரோடு எனக்குச் சண்டை இல்லை. முதுகை விற்றுச் சிரிப்பு வாங்கியவர் அவர்.

என் சண்டை, அந்தப் படத்தை மாத்தளையில், மதுபான அறையில், வேடிக்கைக்காக மாட்டியவர்களோடு.

ஏ9 வீதி கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் போகிறது. எங்கள் தலைமுறைத் தமிழருக்கு அந்த வீதி என்றால் சோதனைச் சாவடி. பஸ்ஸை நிறுத்து, இறங்கு, அடையாள அட்டையைக் காட்டு, பையைத் திற, எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், ஏன் போகிறாய். பஸ்ஸுக்குள் அம்மாமார் பிள்ளைகளின் தொடையைக் கிள்ளித் தமிழ் பேசாதே என்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் யாரென்று தெரியாமல் ஊர்ப்பெயர்கூடச் சொல்ல மாட்டோம். சுவருக்குக் காது இருக்கிறதென்று எங்களுக்கு எந்தச் சுவரொட்டியும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஹோட்டல் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸ் எழுப்பி, பஸ்களில் ஏற்றி, ஊருக்குப் போ என்று அனுப்பியது. வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என்று அதில் எல்லோரும் இருந்தார்கள். தமிழர் என்பதைத் தவிர வேறு குற்றம் சொல்லப்படவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. அந்த வேளையில் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ. ஒரு நாட்டின் தலைநகரில் அறை வாடகை கட்டியவனைப் படுக்கையோடு பிடுங்கி பஸ்ஸில் ஏற்றியதை, அந்தக் காலத்துக் கார்ட்டூனிஸ்ட் ஒருவர் நன்றாகவே வரைந்திருப்பார். அதை ஹோட்டல் வரவேற்பறையில், விருந்தாளியின் கடவுச்சீட்டைப் படியெடுக்கிற மேசைக்கு மேலே மாட்டினால் எவ்வளவு பொருத்தம்! மாட்டிப் பாருங்களேன்.

மாட்ட மாட்டார்கள். அது பழசு இல்லை.

சரி, அவர்கள் கேட்கிற பழசுக்கே போவோம். அந்தப் போர் மாத்தளைக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 9ஆம் திகதி திருகோணமலையில் போட்டன. இரண்டுக்கும் நடுவில் 7ஆம் திகதி, கண்டி போகம்பரைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த சமசமாஜக் கட்சித் தலைவர்கள் என்.எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எட்மண்ட் சமரக்கொடியும் வெளியேறினார்கள். சிறைக்காவலரும் அவர்களோடு சேர்ந்தே ஓடிவிட்டார். பேரரசு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கைதியும் காவலனும் ஒரே வாசலால் நடந்து போயிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய போர்க்கால நகைச்சுவை இந்தத் தீவில் நடக்கவில்லை. எந்த பங்களாச் சுவரிலும் இதைக் காணவில்லை.

சீகிரியாக் குன்றுக்குப் பக்கத்தில் பிரிட்டிஷ் விமானப்படை ஓடுபாதை போட்டது. இன்றும் அது விமானப்படைத் தளம். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத்தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை வைத்து, இது இங்கிலாந்தின் ஆசியக் குடியேற்றங்களைக் காப்பாற்றும் படை என்று விரித்துச் சொல்லிச் சிரித்தவர்கள் கூடவே இருந்த அமெரிக்கர்கள். நண்பன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு நண்பனைக் குத்துகிற சிரிப்பு. அதுவும் சட்டத்துக்குள் வரவில்லை. காரணம் தெளிவு: குடியேற்ற நாட்டின் பங்களாவுக்குத்தான் இன்று ஓர் இரவு வாடகை.

அட்மிரல் ஜெஃப்ரி லேட்டன் என்று ஒருவர் 1942இல் இலங்கையின் முழு அதிகாரத் தளபதியாக வந்தார். உணவு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணதிலக்கவை, 'கறுப்பு வேசைமகன்' என்ற பொருளில் அவர் திட்டியதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. குணதிலக்க ஆளுநர் கல்டிகொட்டிடம் போய் முறையிட்டாராம். அவர் என்னைச் சொல்வதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமேயில்லை ஐயா என்றாராம் ஆளுநர். சபையோருக்குச் சிரிப்பு வரும். உயர்பதவிக் கறுப்பருக்கே இந்தப் பேச்சு என்றால், தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நின்ற கறுப்பனுக்கு என்ன பேச்சு கிடைத்திருக்கும் என்று யோசித்தால் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும்.

பிரட்டுக்களத்தில் நின்றவர்கள் யார்? மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தலைமன்னாரில் இறங்கி, காட்டுப்பாதையால் நடந்து, காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியெல்லாம் ஆட்களைப் புதைத்துவிட்டு வந்து சேர்ந்த இடம் மாத்தளை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று சொல்லி, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியால் மீண்டும் நடந்தார்கள். அந்த வழியில் செத்தவர்களுக்கு யாரும் சட்டம் போட்டுப் படம் மாட்டவில்லை.

போர் தொடங்கிய வருஷம் இந்த மக்களுக்கு எப்படி விடிந்தது தெரியுமா? 1939 ஓகஸ்டில் இந்திய அரசு, இலங்கைக்குத் தொழிலாளர் வருவதற்குத் தடை போட்டது. ஊருக்குப் போனவர் திரும்பி வர முடியாமலும், இங்கே இருந்தவர் செத்த வீட்டுக்குப் போகத் துணியாமலும் தவித்தார்கள். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்ட மூலோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டது. கோவிந்தன் செத்தார். ஐரோப்பாவில் சுதந்திரத்துக்காகப் போர் நடந்துகொண்டிருந்தது என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும், நேச நாடுகளுக்கு மிச்சமாக இருந்த இயற்கை இறப்பரின் பெரும்பங்கு இலங்கையிலிருந்துதான் போக வேண்டியிருந்தது. மரத்தைக் கொன்றாவது பாலை எடு என்று உத்தரவு. ஒரு பட்டையில் வெட்டிய இடத்தில் பல பட்டை. மாத்தளைப் பக்க இறப்பர் மரங்களும் அப்படித்தான் வெட்டுப்பட்டன. மரத்துக்காவது 'கொலை வெட்டு' என்று பெயர் வைத்தார்கள். வெட்டியவருக்குப் பெயர் இல்லை. செக்ரோலில் இலக்கம் மட்டும் இருந்தது.

அரிசி? 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றது, இங்கே கூப்பன் வந்தது. அளந்து கொடுத்த அரிசி போதாத இடத்தில் கோதுமை மாவைக் கொடுத்தார்கள். தோட்டத்து ரொட்டி என்று இன்றைக்கு ஹோட்டல் காலைச் சாப்பாட்டு அட்டையில், தேங்காய்ச் சம்பலோடு, மலைநாட்டுப் பாரம்பரிய உணவு என்று எழுதியிருக்கிறார்களே, அது பாரம்பரியம் இல்லை; பஞ்சத்தின் பங்கீடு. அந்த ரொட்டியைத் தின்றவர்கள் மிச்ச மாவில் பசை காய்ச்சி, புகை படிந்த லயத்துச் சுவரில் வீரகேசரித் தாளை ஒட்டினார்கள். அதுதான் அவர்களுடைய சுவர்க்கலை. பக்கத்தில் ஒரு முருகன், ஓர் எம்.ஜி.ஆர்., அடுத்த தேர்தலுக்கும் இதே பல்லோடு வருகிற தொழிற்சங்கத் தலைவரின் காலண்டர்.

அந்த மொட்டைத் தலைக்கு வருகிறேன். பிரிட்டிஷ்காரர் அவரை மிஸ்டர் சாட் என்பார்கள். பங்கீட்டுக் காலத்தில் யார் யாரோ சுவர்களில் கரியாலும் சோக்காலும் கிறுக்கிய உருவம் அது. என்ன, சீனி இல்லையா? என்ன, தேயிலை இல்லையா? என்று ஒவ்வொரு தட்டுப்பாட்டுக்கும் ஒரு கேள்வி கேட்பார். காசு இல்லாத சிப்பாய் ஓசியாகச் சுவரில் கிறுக்கியது. இன்று அதே கிறுக்கலைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டுகிறார்கள். வணிகத்தின் திறமையை மெச்ச வேண்டியதுதான்.

2022இல் மிஸ்டர் சாட் இந்த மாவட்டத்தில் இருந்திருந்தால் மூக்கு தேய்ந்திருக்கும். என்ன, பால்மா இல்லையா? என்ன, காஸ் இல்லையா? என்ன, மண்ணெண்ணெய் இல்லையா? என்ன, மின்சாரம் இல்லையா? முந்திய வருஷம் இரசாயன உரத்தை ஒரே வர்த்தமானியில் தடை செய்துவிட்டு, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி எங்கே என்று கேட்டவர்கள் நம்மை ஆண்டார்கள். பெற்றோல் வரிசையில் நின்றபடியே செத்த முதியவர்கள் இந்த நாட்டில் உண்டு. 1942 மார்ச்சில் லண்டனில் ஃபிலிப் ஸெக் பெற்றோலைப் பற்றியே ஒரு கார்ட்டூன் வரைந்தார்: கப்பல் மூழ்கி, மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு கடலில் மிதக்கிற மாலுமி, கீழே, பெற்றோல் விலை ஒரு பென்னி ஏறியது என்ற அரசு அறிவித்தல். சர்ச்சிலின் அரசாங்கம் கொதித்தது. டெய்லி மிரர் பத்திரிகையை மூடிவிடுவோம் என்று மிரட்டியது. ஸெக்கைப் பற்றி உளவுத்துறை விசாரித்தது.

ஆனால் ஸெக் 1983 வரை உயிரோடு இருந்தார்.

அமெரிக்கச் சிப்பாய் பில் மோல்டின் கதையும் அப்படித்தான். தாடி வளர்ந்து சேறு அப்பிய இரண்டு சிப்பாய்களை வரைந்ததற்காக ஜெனரல் பேட்டன் 1945 மார்ச்சில் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கத்தினார். மோல்டின் கேட்டுவிட்டு வெளியே வந்து அடுத்த படத்தை வரைந்தார். அதே வருஷம் புலிட்சர் பரிசு. கத்தியவருக்கும் வரைந்தவருக்கும் நடுவில் ஏதோ ஒரு சட்டம், ஏதோ ஒரு வெட்கம் நின்றது.

அதற்காக வெள்ளைக்காரரின் நியாய உணர்வுக்கு இங்கே யாரும் கை தட்ட வேண்டாம். அதே அரசு, அதே போர், அதே சர்ச்சில். 1943இல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, சித்தபிரசாத் என்ற ஓவியர் மிட்னாப்பூர்க் கிராமங்களில் நடந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை மையில் வரைந்து, 'பசித்த வங்காளம்' என்று ஒரு புத்தகமாக்கினார். அரசு 5,000 பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. லண்டனில் மாலுமியை வரைந்தவருக்கு மிரட்டல். வங்காளத்தில் பசித்தவனை வரைந்தவருக்கு நெருப்பு. பங்களாவில் தொங்குகிற சிரிப்புகள் அந்த நெருப்புக்குத் தப்பியவை அல்ல. அவற்றுக்கு நெருப்பே வைக்கப்படவில்லை.

பழசாக்குவதில் ஒரு வித்தை இருக்கிறது. கார்ட்டூனைப் பழசாக்கினால் விலை ஏறும். வேறொன்றைப் பழசாக்கினால் வழக்கு இறங்கும். இது எனக்குத் தெரிய வந்ததும் மாத்தளையில்தான்.

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மண் வெட்டும்போது மனித எலும்புகள் வந்தன. தோண்டத் தோண்ட 150க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். தொல்லியலாளர் ராஜ் சோமதேவ, இவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்று அறிக்கை கொடுத்தார். அது ஜே.வி.பி.யின் இரண்டாம் கிளர்ச்சிக் காலம்; சாக்கை முகத்தில் போட்ட கோணி பில்லாக்கள் தலையசைத்தால் பையன்கள் வாகனத்தில் ஏற்றப்பட்ட காலம். 1989இல் இந்த மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. அவர் மேல் நீதிமன்றத்தில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கிற நிலைக்கு எதுவும் போகவுமில்லை. எலும்புகள் வெளியே வந்த வேளையில் அவருடைய அண்ணன் ஜனாதிபதி. ஜனாதிபதி ஓர் ஆணைக்குழு போட்டார். எலும்புத் துண்டுகள் அமெரிக்க ஆய்வுகூடத்துக்குப் போயின. கரிமக் கணிப்பில், 1950க்கு முற்பட்டவை என்று பதில் வந்தது.

ஆகவே எலும்புகளும் விண்டேஜ்.

மகன் எலும்பாவது கிடைக்குமா என்று வைத்தியசாலை மதிலுக்கு வெளியே நின்ற தாய்மாரிடம், அம்மா, இது உங்கள் சரக்கு இல்லை, இது பழைய சரக்கு என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது. 1950க்கு முற்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். 150 பேர் ஒரே குழிக்குள் எப்படிப் போனார்கள் என்று கேட்க வேண்டாமா? காய்ச்சலா, பட்டினியா, கொலையா? யார் அவர்கள், எந்தத் தோட்டத்தார், எந்தக் கிராமத்தார்? பழசு என்ற ஒரே சொல்லோடு அந்தக் கேள்விகளும் மண்ணுக்குள் போயின. மதுபான அறைச் சுவருக்கும் அந்தக் குழிக்கும் ஒரே முத்திரைதான் குத்தியிருக்கிறார்கள்.

பிறகு 2019 நவம்பரில் அதே இணைப்பதிகாரி ஜனாதிபதியானார். உடனே நாடெங்கும் இளைஞர்கள் பெயின்ட் வாளியோடு கிளம்பினார்கள். மதில், பாலம், பஸ் தரிப்பிடம் ஒன்றும் தப்பவில்லை. அரசர்கள், குளங்கள், சிங்கங்கள், தோளில் துப்பாக்கியும் கையில் குழந்தையுமாக வீரர்கள். நாட்டை அழகாக்குகிறோம் என்றார்கள். பத்திரிகைகள் உருகின. அந்த மதில்களில் ஒரு கேலிச்சித்திரம்கூட இல்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். போரை வென்றவர்கள் தங்களைப் பார்த்து ஒருமுறைகூடச் சிரிக்காத சுவர்கள் அவை. பிரிட்டிஷ்காரர்களிடம் இந்த ஒரு நல்ல பழக்கமாவது இருந்தது: தங்கள் சார்ஜன்டின் தொப்பையைத் தாங்களே வரைந்தார்கள். இரண்டரை வருஷத்தில் அந்த வர்ணம் வெளிறியது. 2022 ஜூலை 13 அன்று ஜனாதிபதி இராணுவ விமானத்தில் மாலைதீவுக்குப் பறந்தார். மதிலில் இருந்த சிங்கங்கள் அங்கேயே நின்றன.

எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சவாரித்தம்பரை வரைந்த சிரித்திரன் சுந்தரைப் போல ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார் என்பது பெருமை. ஆனால் ஆயுத இயக்கங்களைக் கேலி செய்து பகிரங்கமாக வரைந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் என்று ஒருவரைக் காட்ட என்னால் முடியாது. துப்பாக்கி பிடித்தவன் எந்த மொழி பேசினாலும் கார்ட்டூன் அவனுக்குச் சிரிப்பு மூட்டியதில்லை.

இந்த நாட்டின் போர்க்காலக் கார்ட்டூனிஸ்ட் என்று கேட்டால் நான் சொல்கிற பெயர் பிரகீத் எக்னெலிகொட. சிங்களவர். எழுதுவார், வரைவார். 2009 ஓகஸ்டில் ஒருமுறை கடத்திப் பிறகு விட்டுவிட்டார்கள். 2010 ஜனவரி 24, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னதாக, வேலை முடிந்து வீட்டுக்குப் போகப் புறப்பட்டவர் வீடு போய்ச் சேரவில்லை. கிரிதலை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார் என்று குற்றப் புலனாய்வுப் பிரிவு பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது. கொழும்பிலிருந்து கிரிதலைக்குப் போகிற வழக்கமான பாதை தம்புள்ளையையும் ஹபரணையையும் தாண்டிப் போகிறது.

2011 நவம்பரில் ஜெனீவாவில், ஐக்கிய நாடுகள் சித்திரவதைக்கு எதிரான குழு முன்னால், அரசின் சட்ட ஆலோசகர் மொஹான் பீரிஸ் எழுந்து, எக்னெலிகொட வெளிநாட்டில் வாழ்கிறார் என்றார். அடுத்த வருஷம் இங்கே நீதிமன்றத்தில் கூப்பிட்டுக் கேட்டபோது, அவர் எங்கிருக்கிறார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பொருளில் பதில் சொன்னார். அவரே பின்னர் பிரதம நீதியரசரானார். நான் எந்தக் கார்ட்டூனிலும் இப்படி ஒரு கடைசிக் கட்டத்தைப் பார்த்ததில்லை.

கடவுளுக்குத்தான் தெரியும் என்றால் கடவுளிடமே போகிறேன் என்று பிரகீத்தின் மனைவி சந்தியா கிளம்பினார். 2022 ஜனவரியில் கொழும்பில் ஒரு காளி கோவிலில் தலைமுடியை இறக்கி, கணவனைக் காணாமல் ஆக்கியவர்களைக் காளியிடம் ஒப்படைத்தார். ஒரு சிங்களப் பெண், தமிழ்ச் சாமியிடம். இராணுவப் புலனாய்வுக்காரர்கள் ஒன்பது பேர் மேல் 2019இல் குற்றப்பத்திரம் தாக்கலாகி வழக்கு நடந்தது; நடந்தது என்றால், தவணை போட்டார்கள்.

ஹோட்டல்காரர் ஒருவரிடம், பிரகீத்தின் கார்ட்டூன் ஒன்றைப் பெரிதாக்கித் தந்தால் மாட்டுவீர்களா என்று கேட்டேன். யார் அவர், வெள்ளைக்காரரா என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பிரச்சினை ஏதும் வராதா சேர்?"

அந்த ஹோட்டலில் ஒரு மனிதர் ஒரு கார்ட்டூனைக் கார்ட்டூனாக மதித்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2023இல் மேடையில் சொன்ன பகிடிக்காக நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரியவை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் வைத்த நாடு இது. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது 2024 ஜனவரி 24ஆம் திகதி. பிரகீத் காணாமல் போய்ச் சரியாகப் பதினாலு வருஷம். வேண்டுமென்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தால் அவர்களுக்கு நினைவாற்றலாவது உண்டென்று சொல்லலாம். அதுகூட இல்லை. நூற்றெட்டுப் பேர் ஆதரித்து வாக்களித்துவிட்டுப் போனார்கள்.

ஆகவே, மதிப்புக்குரிய பங்களா உரிமையாளர்களே, அலங்கார ஆலோசகர்களே, அவசரப்பட வேண்டாம். இப்போதைக்கு லண்டன்காரரும் சார்ஜன்டும் போதும். அவர்களைத் தேடிக்கொண்டு எந்த மனைவியும் வாசலில் வந்து நிற்க மாட்டாள். இந்தப் போரின் சிரிப்பும் உங்களுக்குத்தான் வந்து சேரும். சாட்சிகள் ஒவ்வொருவராகச் சாகட்டும், சந்தியா நீதிமன்றப் படியேறிக் களைக்கட்டும், கிரிதலைக்குப் பக்கத்தில் இன்னும் நாலு உல்லாச விடுதிகள் எழும்பட்டும். அதற்குள் நல்ல இடமாகப் பார்த்துச் சுவரில் ஆணி அடித்து வையுங்கள். நம்முடைய நீதிமன்றங்கள் ஒத்திவைக்கிற வேகத்தைப் பார்த்தால், நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்னதாகவே சரக்கு கைக்கு வந்துவிடும்.